மேஸ்திரி ஜோங்ரானின் வியாழக்கிழமை

முயல் சிரித்தது. ஜோங்ரானுக்கு அதை மாப் கட்டையால் ஒரு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

கைபேசியில், மாரு என்ற செயலிக்குள் நிற்கும் முயல் அது. இளஞ்சிவப்புக் காது, கழுத்தில் டை, இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது. "வணக்கம்! இன்னிக்கு மாருல போட்டோ அனுப்புறது எப்படின்னு பார்க்கலாமா?" என்று குமரிக் குரலில் கேட்கும். வேண்டாம் என்றால் விட்டுவிடவா போகிறது? ஒரு நிமிடம் துள்ளித் துள்ளிப் பாடம் நடத்திவிட்டு, கடைசியில் கண்ணைச் சிமிட்டி, "சுலபம்தானே?" என்று முடிக்கும். சுலபம் என்று சொல்கிறவர்கள் யாரும் கையில் ஈர ரப்பர் உறையோடு கைபேசியைத் தடவிப் பார்த்ததில்லை. உறை போட்டிருந்தால் அந்தக் கண்ணாடி மனிதரை மதிக்காது.

இன்சொன் நகரில், புப்யோங் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தைத் துடைத்துப் பெருக்குகிற எட்டுப் பெண்களுக்கு ஜோங்ரான் மேஸ்திரி. மேஸ்திரி என்றால் ஏதோ தேர்தல் நடத்தி மாலை போட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பழைய மேஸ்திரிக்கு முட்டி போய்விட்டது. அடுத்து யார் என்று கம்பெனி கேட்டபோது மற்ற எல்லோரும் "ஐயோ, நான் இல்லை" என்று சட்டென்று சொல்லிவிட்டார்கள். ஜோங்ரான் அப்போது வாயில் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்திருந்தாள். விழுங்கி முடிப்பதற்குள் மேஸ்திரி ஆகிவிட்டாள்.

அவள் வாழ்க்கையில் முக்கால்வாசி இப்படித்தான் நடந்தது. இருபது வயதில் தெற்கேயிருந்து வந்து கேசட் ரேடியோ தொழிற்சாலையில் ஒயர் பற்றவைத்தாள்; தொழிற்சாலையே சீனாவுக்குப் போய்விட்டது. கல்யாணம் செய்துகொண்டாள், புருஷன் தேகு நகரத்துக்குப் போய்விட்டான், அங்கே தூண்டில் கடை வைத்திருப்பவளோடு. பள்ளிக்கூடத்து வாசலில் கிம்பாப் சோற்றுச் சுருள் விற்கிற கடை போட்டாள். பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள். எல்லாம் அவளை விட்டுவிட்டுப் போனபோது கூடவே இருந்தது இரண்டு. ஒன்று இடுப்பு வலி. இன்னொன்று மகன் ஹன்சோல்.

இப்போது அவனும் போகிறான். வியாழக்கிழமை, நோன்சான் ராணுவப் பயிற்சி முகாமுக்கு. நாட்டில் ஒவ்வொரு பையனும் போகிறதுதான். ஒன்றரை வருஷம், வந்துவிடுவான். ஆனால் முகாம் வாசல் வரை வீட்டிலிருந்து யாராவது கூடப் போவார்கள். மதியம் சேர்ந்து ஒரு வாய் சாப்பிடுவார்கள். அப்புறம் மைதானத்தில் நின்று கையசைப்பார்கள். அதுதான் வழக்கம்.

"வராதம்மா. நானே பஸ் ஏறிப் போயிக்கிறேன்" என்றான் ஹன்சோல், ஞாயிற்றுக்கிழமை. மொட்டை அடித்துவிட்டு வந்து, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

"வரட்டுமான்னு உன்னை யாருடா கேட்டா?"

"லீவு கிடைக்காதில்ல?"

"கிடைக்கும்."

கிடைக்கும் என்று சொல்லிவிட்டாள். கிடைக்கிற வழிதான் முயலின் கையில் இருந்தது. அதுவரை குழுவில் பேச்சு, படம், சண்டை எல்லாமே ஊரே வைத்திருக்கிற செயலியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒருநாள் போங்ரே அக்கா, குழுவிலேயே மூத்தவள், தன் பேரன் பேசினில் உட்கார்ந்து முக்குகிற படத்தை வீட்டாருக்கு என்று நினைத்து வேலைக் குழுவில் போட்டுவிட்டாள். தலைமை அலுவலகத்தில் யாரோ சாப்பிடுகிற நேரத்தில் பார்த்திருக்கிறார்கள். வேலைக்குத் தனியாக ஒரு செயலி, பெயர் மாரு, என்று அடுத்த மாதமே உத்தரவு வந்தது. விடுப்புச் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை ஒழிந்தது. இனிமேல் விடுப்பு மாருவில்தான், அதுவும் இரண்டு நாள் முன்னாடி. மாருவில் எதைச் செய்யவும் முதலில் அதற்கான பாடத்தைப் பார்க்க வேண்டும். பாடத்தை வரிசையாகத்தான் பார்க்க வேண்டும், தாண்டிப் போக முடியாது. விடுப்பு பத்தாவது பாடம்.

காலை முதல் பேருந்தில் ஏறுகிறவர்கள் எல்லோரும் துப்புரவுக்காரர்களும் காவல்காரர்களும்தான். ஏறியதும் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவார்கள். ஜோங்ரான் மட்டும் காதில் மாட்டிக்கொண்டு முயலைப் பார்ப்பாள். பாதிப் பாடத்தில் அவளுக்கும் கண் சொருகும். அந்த முயலுக்கு எப்படித் தெரியுமோ, உடனே நின்று, "இருக்கீங்களா?" என்று கேட்கும். இல்லை என்று சொல்ல எத்தனையோ தடவை வாய் வரை வந்திருக்கிறது. தொட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஐந்தாம் பாடத்தை மட்டும் அவள் எத்தனை தடவை பார்த்தாள் என்று முயலைத்தான் கேட்க வேண்டும்.

"கொடும்மா, எல்லாத்தையும் நானே ஓட்டிவிட்டுடறேன்" என்றான் ஹன்சோல்.

"நீ பார்த்தா உனக்குத்தானே தெரியும்? நீ போன பிறகு எனக்கு யாரு சொல்லிக் கொடுப்பா, முயலா?"

"ஆமா, முயல்தான்" என்று அவன் சிரித்தான். மொட்டைத் தலையோடு சிரிக்கும்போது அவன் ஏழு வயதுப் பையன் மாதிரி இருந்தான். அவள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி நின்றுகொண்டாள். உள்ளே கிம்சி ஊறுகாயைத் தவிர ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை, ஏழாம் மாடிக் கழிப்பறையில், மூடி போட்ட கோப்பை மேல் உட்கார்ந்து பத்தாம் பாடத்தை முடித்தாள். செவ்வாய்க்கிழமை, கடைசி நாள், காலையில் உறையைக் கழற்றி, விரலைத் துடைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினாள். "வியாழன். மகனை முகாமில் விட." அனுப்பு என்று அமுக்கினாள். முயல் கை தட்டியது. அப்பாடா என்று தோளை இறக்கிக்கொண்டு எட்டாம் மாடிக்குப் போனாள்.

இங்கேதான் கதை கெட்டது.

மாருவில் மேஸ்திரி விடுப்புக் கேட்டால் அது குழுவிலுள்ள எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்களின் ஊரில், பெரியவர் குழுவில் ஒன்று போட்டால் பதில் போடாமல் இருக்கக் கூடாது. பார்க்காமல் இருந்தால்கூட மன்னிப்பார்கள். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் மூஞ்சியில் கதவைச் சாத்தின மாதிரி. பழைய செயலியில் ஜோங்ரான் "நாளைக்கு மழை" என்று எழுதினாலும் கீழே எட்டு "சரிங்க" வரிசையாக நிற்கும். இப்போது மாருவில் அவள் விடுப்புக்குக் கீழே எழுத இடமில்லை. ஒரே ஒரு பச்சைப் பொத்தான்தான் இருந்தது. அதில் பொடி எழுத்தில் "நானும் சேர்ந்து விடுப்பு எடுக்கிறேன்" என்று போட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் பாடம் கேட்கிற முயல், யார் செய்த புண்ணியமோ, இந்தப் பொத்தானுக்கு மட்டும் கேட்கவில்லை.

முதலில் போங்ரே அக்கா அமுக்கினாள். கண்ணாடி போடவில்லை, இருந்தது ஒரு பொத்தான், மரியாதைக்கு அமுக்கினாள். போங்ரே அக்காவின் பெயரைப் பார்த்து அடுத்தவள் அமுக்கினாள். அவளைப் பார்த்து அடுத்தவள். பதில் போடாத ஒருத்தி என்ற பெயர் யாருக்கு வேண்டும்? பத்து மணிக்குள் எட்டுப் பேரும் அமுக்கி முடித்தார்கள். ஜோங்ரான் பார்த்தாள், எட்டுப் பெயரும் வரிசையாக நின்றன. நல்ல பெண்கள், உடனே பதில் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு வேலை முடிந்து எல்லோரும் கீழ்த்தளத்து ஓய்வறையில் இருந்தார்கள். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறை அது; ஒரு பக்கம் நிமிர்ந்தால் தலை இடிக்கும். சூடேற்றும் பாய் விரித்து, கால்களை நீட்டி, பாக்கெட் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தபோது மேலாளர் பியோ வந்தார். முப்பத்துச் சொச்சம் வயது. எப்போதும் ராத்திரி முழுக்க முழித்திருந்தவர் மாதிரி முகம். உள்ளே நுழைந்ததும் தலையை இடித்துக்கொண்டார்.

"மேஸ்திரியம்மா, ஸ்ட்ரைக்கா? ஸ்ட்ரைக்னா எங்கிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்ன ஸ்ட்ரைக் சார்?"

"என் முட்டி மட்டும்தான் சார் இங்க ஸ்ட்ரைக் பண்ணுது" என்றாள் போங்ரே.

பியோ தன் கைபேசியை நீட்டினார். வியாழக்கிழமைக்குக் கீழே ஒன்பது பெயர். ஒரு மொத்தக் குழுவும் விடுப்பு. "வியாழக்கிழமை பில்டிங் ஓனரோட ஆளுங்க சுத்திப் பார்க்க வர்றாங்க. அன்னிக்குப் பார்த்து ஒருத்தர் விடாம லீவு. தலைமை ஆபீஸ்ல ஆறு மணிக்கு இதைப் பார்ப்பாங்க. என்னைத் தொலைச்சிருவாங்க."

போங்ரே காப்பியைத் தரையில் வைத்தாள்.

"நான் எங்கே லீவு கேட்டேன்? மேஸ்திரிக்குச் சரின்னு சொன்னேன்!" என்றாள் போங்ரே.

"நானும் அதான்." "நானும்." "அக்கா அமுக்கினாங்கன்னு நானும்."

கடைசியாக மூலையிலிருந்து சுன்ஹ்வா வாயைத் திறந்தாள். சீன எல்லை தாண்டி யன்பியனிலிருந்து வந்தவள், குழுவில் சேர்ந்து கொஞ்ச மாதம்தான் ஆகிறது. "நான் காலையிலேயே படிச்சேன். இது லீவு பொத்தான்னு தெரியும்."

"தெரிஞ்சுமா அமுக்கினே?" போங்ரே திரும்பினாள்.

"ஏழு அக்காங்க அமுக்கின பிறகு நான் ஒருத்தி மட்டும் எப்படி அமுக்காம இருக்கிறது? நாளைக்கு நீங்களே கேட்பீங்க, வந்த புதுசுலயே இவளுக்கு என்ன திமிருன்னு."

போங்ரே தன் காப்பியை எடுத்து உறிஞ்சினாள். கேட்டிருப்பாள்தான்.

"சரி, அது போகட்டும்" என்றார் பியோ. "மொத்தமும் ஒரே கட்டா வந்திருக்கு. என்கிட்ட ரெண்டு பொத்தான்தான் காட்டுது. எல்லாருக்கும் கொடு, இல்லேன்னா எல்லாருக்கும் இல்லைன்னு சொல்லு. இல்லைன்னு அமுக்கிடறேன். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கேட்க விடும், மேஸ்திரியம்மா நாளைக்குப் புதுசா போட்டுக்கட்டும்."

"நாளைக்குப் போட்டா வெள்ளிக்கிழமைக்குத்தான் சார் கிடைக்கும்" என்றாள் ஜோங்ரான்.

"வெள்ளிக்கிழமையா இருந்தா ஆகாதா?"

"ஏன் சார், உங்கம்மா உங்களை ராணுவத்துல விட்டாங்களே, அவங்களுக்கு வசதிப்பட்ட கிழமையா பார்த்தா விட்டாங்க?" என்றாள் போங்ரே.

பியோ நெற்றியில் இடித்த இடத்தைத் தடவிக்கொண்டார். "எங்கம்மா வரலை. கடையில ஆள் இல்லை" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவர் பொத்தானை அமுக்கவில்லை.

ஜோங்ரான்தான் பேசினாள். குரலில் ஒன்றுமே இல்லை, அழுகைகூட. "விடுங்க சார். இல்லைன்னே போட்டுடுங்க. பையனே வர வேணாம்னுதான் சொன்னான். எல்லாரும் வீட்டுக்குப் போகணும். யோன்சுக் இன்னொரு வேலைக்குப் போகணும். ஒருத்திக்காக எட்டுப் பேரா?"

"வாயை மூடு மேஸ்திரி" என்றாள் போங்ரே. "கிழங்கை வாயில வெச்சுக்கிட்டு மேஸ்திரி ஆனவதானே நீ. இப்பவும் எதையாவது வாயில வெச்சுக்க. சார், நாங்க எட்டுப் பேரும் தனித்தனியா விலகிக்க முடியாதா?"

பியோ தேடிப் பார்த்தார். முடியும். அவரவர் கைபேசியில், விலகும் பொத்தான். பதினான்காம் பாடம் பார்த்தவர்களுக்கு மட்டும் திறக்கும்.

"நான் நாலாவதுல இருக்கேன்" என்றாள் ஒருத்தி.

"நான் மூணு."

"முயலைப் பார்த்தாலே எனக்குத் தலைவலி, நான் ஒண்ணுகூடப் பார்க்கலை" என்றாள் போங்ரே. பெருமையாகத்தான் சொன்னாள், முதலில்.

ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. யோன்சுக் தன் அடுத்த வேலை இடத்துக்குக் கூப்பிட்டு, "வயித்தால போகுது, லேட்டாகும்" என்றாள். ஒவ்வொருத்தியாகக் கைபேசியை எடுத்தார்கள். கண்ணாடி இல்லாதவள் பக்கத்திலிருந்தவளுடையதை வாங்கி மாட்டினாள். எட்டு முயல்கள் எட்டுப் பாடத்தை ஒரே நேரத்தில் நடத்த ஆரம்பித்தன. ஒன்று வணக்கம் சொல்லும்போது இன்னொன்று போட்டோ அனுப்பியது, ஒரு மூலையில் "சுலபம்தானே?", அது அடங்குவதற்குள் இன்னொரு மூலையில் "சுலபம்தானே?" அந்தச் சின்ன அறையில் அதைக் கேட்டால் பைத்தியம் பிடித்தவனுக்குத் தெளிந்துவிடும்.

பியோ கதவோரம் குந்தி உட்கார்ந்தார். அவரும் காதில் மாட்டிக்கொண்டார்.

"நீங்க என்ன சார் பார்க்கறீங்க?" என்றாள் சுன்ஹ்வா.

"மேலாளர்களுக்குத் தனியா பாடம் இருக்கு. நான் இன்னும் ரெண்டாவதுல இருக்கேன்."

"அதுலயும் முயலா?"

"ஆமை."

யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், காலையிலிருந்து நின்ற கால்களோடு, வாயைத் திறக்கத்தான் தெம்பு இருந்தது. சிரித்து முடிப்பதற்குள் ஒருத்தி தூங்கிவிட்டாள். அவள் முயல் "இருக்கீங்களா?" என்று கேட்டது. பக்கத்திலிருந்தவள் அவள் விலாவில் இடித்து, "இருக்கேன்னு சொல்லுடி" என்றாள். பாய் சுட்டது, முதுகு இதமாக இருந்தது, அதுதான் வினை. இடிக்கிறவளும் தூங்கிவிட, மூன்றாமவள் இரண்டு பேரையும் இடிக்க வேண்டியிருந்தது. ஜோங்ரான் அவர்களுக்குப் பார்லித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. குடிக்காதவர்களுக்கும் ஊற்றினாள்.

ஐந்தரைக்கு மேல் எல்லோருக்கும் பொத்தான் திறந்துவிட்டது. அப்போது இன்னொரு தொல்லை. விலகினால் குழுவில் பெரிதாக ஒரு வரி விழுமாம்: இன்னார் விலகிக்கொண்டார்.

"மேஸ்திரியை விட்டு நான் விலகிட்டேன்னு எல்லார் முன்னாடியும் போடுமா?" என்றாள் போங்ரே. "அதுவும் முதல் பேரா என் பேரு. நான் மாட்டேன். வேற யாராவது ஆரம்பிங்க."

யாரும் ஆரம்பிக்கவில்லை. விரல்கள் பொத்தானுக்கு மேலே நின்றன. பியோ மணியைப் பார்த்தார். ஜோங்ரான் தரையைப் பார்த்தாள். அமுக்குங்கள் என்று அவள் சொன்னால் அது தனக்காகக் கெஞ்சுவது. அந்த வார்த்தை அவளுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

சுன்ஹ்வா எழுந்து நின்றாள். தலை இடிக்காத பக்கமாகப் பார்த்து நின்று, மூத்தவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்துத் தலைகுனிந்தாள். "கடைசியா சேர்ந்தவ முதல்ல செய்யறேன். திமிருன்னு வெச்சுக்கங்க" என்று சொல்லி அமுக்கினாள். குழுவில் வரி விழுந்தது. அவள் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"இந்தத் திமிருக்கு நாளைக்கு நான் உனக்கு மீன் வறுத்துட்டு வர்றேன்" என்றாள் போங்ரே. அவளும் அமுக்கினாள். அதன் பிறகு துக்க வீட்டில் வரிசையாக வந்து சொல்கிற மாதிரி, ஒவ்வொருத்தியும் ஜோங்ரானிடம் "தப்பா எடுத்துக்காதீங்க மேஸ்திரியக்கா" என்று சொல்லிவிட்டு அமுக்கினார்கள். யோன்சுக் ஓடிக்கொண்டே, படிக்கட்டில் நின்று அமுக்கினாள்.

கடைசியில் வியாழக்கிழமைக்குக் கீழே ஒரே பெயர் நின்றது. பியோ அதன் மேல் விரலை வைத்தார், எடுத்தார். பெயர் பச்சையாக மாறியது, விடுப்பு உண்டு. அவர் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார், மறுபடியும் இடித்துக்கொண்டார்.

"மேஸ்திரியம்மா, மதியம் அவன் சாப்பிட மாட்டான். எங்க யாருக்கும் அன்னிக்கு இறங்கலை. வற்புறுத்தாதீங்க" என்றார்.

வியாழக்கிழமை அவன் சாப்பிடவில்லை. முகாமுக்கு எதிரே இருந்த கடையில் மாட்டு விலா சூப்பு ஆவி பறக்க வந்தது. ஹன்சோல் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தான். ஜோங்ரான் வற்புறுத்தவில்லை. தன் கிண்ணத்தை முடித்தாள். அவனுடையதையும் இழுத்து வைத்துச் சாப்பிட்டாள். காலையிலிருந்து ஒன்றும் போடாத வயிறு.

"பசியாம்மா?"

"ம்."

"போற வழியில தூங்கிடு. பஸ்ல ஜன்னல் பக்கமா உட்காராதே, கழுத்து வலிக்கும்."

"சரி."

மைதானத்தில் ஒலிபெருக்கி கத்தியது. பையன்கள் இறங்கிப் போகலாம் என்றது. அவன் தரையில் மண்டியிட்டு அவளுக்கு முழு வணக்கம் போட்டான். எழுந்திருக்கும்போது முழங்காலில் புழுதி. அவள் தட்டிவிடக் குனிவதற்குள் ஓடிவிட்டான். ஓடுகிறவர்கள் எல்லோரும் ஒரே மொட்டை, ஒரே மாதிரி முதுகு. வரிசையில் நின்றதும் எது தன்னுடையது என்று அவளுக்குப் புரியவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு பையன் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையை உயர்த்திப் பலமாக ஆட்டினாள்.

"அக்கா, அது என் பையன்" என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

ஜோங்ரான் பார்த்தாள். ஆமாம், இவன் காது வேறே. கையை இறக்க மனம் வரவில்லை.

"இருக்கட்டும்" என்றாள். "என்னோடது எங்கேன்னு தெரியலை. அவனுக்கும் சேர்த்து ஆட்டிக்கிறேன். நீங்களும் ஆட்டுங்க, எவனாவது பார்ப்பான்."